நீலம் பாய்ந்த பலகையும் நிறமற்ற பூஞ்சணமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, வங்கக் கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தின்மீது ஓடுகின்றது. கிரான்குளம், குருக்கள்மடம் ஆகிய ஊர்களைக் கடந்தால் வருவது செட்டிபாளையம். எழுவான்கரை என வழங்கும் இக்கரையில், கிழக்கே கடலின் ஈரமும் மேற்கே வாவியின் ஈரமும் ஒருங்கே வந்து தங்குகின்றன. வாடைக் காற்றோடு மாரி தொடங்கிவிட்டால் வெட்டிய மரம் எளிதில் உலர்வதில்லை. மாமரம் ஒன்றைத் தறித்து, அரிந்து, பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தவர் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால், வெண்மஞ்சளாய் இருந்த பலகையில் மை சிந்தியது போன்ற கருநீலக் கீற்றுகளைக் காண்பார். துணியால் துடைத்தால் அது போகாது. சீவுளியால் இழைத்தாலும் போகாது. இழைக்க இழைக்க உள்ளேயும் அதே நீலம் தோன்றும். மரக்காலைக்கு வருபவர் அதனைத் தொட்டுக்கூடப் பாராமல் விலையைக் குறைத்துவிடுவார்.

ஆயினும் அந்தப் பலகை உளுத்துப்போனதன்று. ஆணி தாங்கும், பாரம் தாங்கும், நிறம் ஒன்றே கெட்டிருக்கின்றது. நிறக்கேட்டுக்கும் உளுப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறிவதற்கே அறிஞர் உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. நிறத்தைக் கெடுக்கும் உயிரை மற்றோர் உயிரைக் கொண்டே தடுக்கலாம் என்ற எண்ணம் எழுந்ததோ அதற்கும் பிந்தியே.

பழந்தமிழர் மரத்தின் உட்பகுதியையும் புறப்பகுதியையும் நன்கு பிரித்தறிந்திருந்தனர். உள்ளே வயிரம் உடையது மரம் என்றும், புறத்தே வயிரம் உடையது புல் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் வகுக்கின்றது. அந்த வகுப்பின்படி தென்னையும் பனையும் புல்லினமே. வயிரத்துக்குக் காழ் என்றும், வயிரம் பாயாத மரத்துக்கு வெளிறு என்றும் பழைய பெயர்கள் உண்டு. நீலம் பாய்வது வெளிற்றிலேதான். உயிருள்ள மரம் தன் மாப்பொருளையும் சீனியையும் சேமித்து வைப்பது அங்கேதான். காழோ இறந்த பகுதி. அங்கே உணவு இல்லை. பூஞ்சணத்துக்கு ஒவ்வாத கசப்புப் பொருள்கள் பல அங்கே ஊறிக்கிடக்கின்றன.

மட்டக்களப்பின் பழைய வீடுகளில் நீலக் கறை பெரிய செய்தியாக இருந்திராததற்குக் காரணம் இதுவே எனலாம். முதிரையும் பாலையும் கருங்காலியும் காட்டில் கிடைத்த காலத்தில், தச்சரும் ஓடாவிமாரும் வெளிற்றைச் செதுக்கி எறிந்துவிட்டுக் காழை மட்டுமே கொண்டனர். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாகப் பெருங்காடுகள் வயல்களாகவும் குடியேற்றங்களாகவும் மாறின. காழ் மிகுந்த பெருமரங்கள் அரிதாயின. மாவும் இறப்பரும், வெளிநாட்டிலிருந்து வரும் பைனும் பலகையாயின. இவற்றிற் பெரும்பகுதி வெளிறே. மரத்தின் கறை என்பது, ஆகவே, காடு குறைந்த காலத்தின் நோய். இயற்கை ஒரே இரவில் ஆயிரம் ஆயிரம் மரங்களைச் சாய்க்கும்போது இந்நோயின் கொடுமை இன்னும் மிகும். 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களை வீழ்த்தியது மாரியின் நடுவில் ஆகும். ஈரத்தோடு வீழ்ந்து ஈரத்திலேயே கிடக்கும் மரத்தைவிடப் பூஞ்சணத்துக்கு உகந்த விருந்து வேறில்லை.

நீலத்துக்குக் காரணம் ஓர் உயிர் என்பதை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதல்வர் ஜேர்மனியின் காட்டியல் அறிஞர் ராபர்ட் ஹார்டிக். மரம் சிதையும் விதங்களைப் பற்றி அவர் 1878இல் வெளியிட்ட நூல், மர நோயியலின் அடித்தளம் எனப் போற்றப்படுகின்றது. பைன் மரத்தின் நீலத்தோடு ஒரு நுண்ணிய பூஞ்சணம் சேர்ந்திருப்பதை அவர் காட்டினார். அமெரிக்காவில் ஹெர்மன் வொன் ஷ்ரெங்க் 1903இல் மேற்குப் பைன் மரங்களின் நீலத்தை ஆராய்ந்தார். பட்டையைத் துளைக்கும் வண்டுகளுக்கும் அந்த நீலத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வாய்வில் தெளிவாயிற்று. 1907இலும் 1908இலும் எர்ன்ஸ்ட் மூன்ஹ் என்பார் அப்பூஞ்சணங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, மரத்தின் நீருக்கும் காற்றுக்கும் அவற்றின் வளர்ச்சிக்கும் உள்ள உறவை விரிவாக எழுதினார். நீர் நிறைந்து காற்றில்லாத மரத்திலும் அவை வளரா. நன்கு உலர்ந்த மரத்திலும் வளரா. இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களே அவற்றின் காலம். குளத்து நீரில் மரத்தை அமிழ்த்தி வைக்கும் வழக்கத்துக்கு இதனால் ஒரு விளக்கம் கிடைத்தது.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நுணுக்குக்காட்டியில் நோக்கினால் இப்பூஞ்சணத்தின் இழைகள் நீலமாய் இருப்பதில்லை. அவை கபில நிறமானவை. மனிதரின் தலைமயிரைக் கறுப்பாக்கும் மெலனின் என்ற நிறப்பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே அவற்றுக்கும் நிறம் தருகின்றது. வெளிறிய மரத்தினூடே ஒளி சிதறி வரும்போது அந்தக் கபிலம் கண்ணுக்கு நீலமாய்த் தோன்றுகின்றது. செங்குருதி ஓடும் நரம்பு தோலின்கீழ் நீலமாய்த் தெரிவது போன்றதே இதுவும். இழைகள் மரத்தின் ஆரக்கதிர்களில் உள்ள சேமிப்புக் கலங்களைத் தேடிச் சென்று மாப்பொருளையும் சீனியையும் உண்கின்றன. மரத்துக்கு வலிமை தரும் கலச்சுவர்களை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே வணிகரின் குறை கண்ணின் குறை. இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்கள் வேறொரு பூஞ்சணம் பச்சை ஏற்றிய மரத்தைத் தேடி வாங்கி, மரத்தில் மரம் பதிக்கும் சித்திர வேலையில் இலைகளுக்கு அதனைப் பயன்படுத்தினர். ஒருவருக்குக் கறையானது மற்றொருவருக்குச் சாயமாயிற்று!

பூஞ்சணத்தைப் பூஞ்சணத்தால் வெல்வதற்கு முன்னர், அதனைப் பிற உயிர் கலவாமல் தனித்து வளர்க்கக் கற்கவேண்டும். இந்தக் கலையின் வரலாற்றில் ஒரு சமையலறை இடம்பெறுகின்றது. பெர்லினில் ராபர்ட் கொக் அவர்களின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர்களை வளர்க்க வைத்த ஜெலற்றின் கோடை வெப்பத்தில் உருகிப்போவதைக் கண்டு வருந்தினார். அவர் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, தாம் பழக்கூழ் செய்யப் பயன்படுத்தும் அகர் என்னும் கடற்பாசிப் பொருளை எடுத்துக் கொடுத்தார். சாவகத்தில் வாழ்ந்த அயலவர் ஒருவரிடம் அவர் அறிந்துகொண்ட பொருள் அது. 1882இல் கொக் தம் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அதுமுதல் உலகின் ஆய்வுகூடங்கள் எல்லாம் அதனை மேற்கொண்டன. செட்டிபாளையத்துக்கு வடக்கே காத்தான்குடியில் நோன்பு காலத்தில் இல்லந்தோறும் காய்ச்சும் கடற்பாசியும் இதே அகர்தான். ஒரு லீற்றர் நீரில் 200 கிராம் உருளைக்கிழங்கின் சாறு, 20 கிராம் குளுக்கோசு, 15 முதல் 20 கிராம் அகர் சேர்த்து, 121 பாகை செல்சியஸ் நீராவியில் கால்மணி நேரம் அவித்து ஆறவிட்டால், பூஞ்சணத்துக்கு உரிய வயல் ஆயத்தமாகிவிடும். நிறக்கேடுற்ற பலகையிலிருந்து ஒரு சிராயை எடுத்து அதில் வைத்தால், முதலில் வெண்பஞ்சு போலவும், பின்னர் சாம்பலாகவும், முடிவில் கரியாகவும் அவ்வுயிர் படரும்.

மனிதர் கற்ற இக்கலையைக் கறையான்கள் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கற்றிருந்தன. இதனை இலங்கையிலேயே ஆராய்ந்து எழுதியவர் தோமஸ் பெச். இங்கிலாந்தில் ஆசிரியராயிருந்து, 1905இல் பேராதனைக்கு அரசாங்கப் பூஞ்சணவியலாளராக வந்தவர் இவர். மறு ஆண்டே, கறையான் புற்றுகளிலுள்ள பூஞ்சணங்களைப் பற்றி விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். புற்றினுள் கறையான்கள் மரத்துகளால் கூடு கட்டி ஒருவகைக் காளானைப் பயிர் செய்கின்றன. மழை பெய்ததும் புற்றின்மேல் எழும் காளான் அந்தப் பயிரின் பூவே. கறையான்கள் புற்றைவிட்டு நீங்கினால், அதுகாறும் தலைகாட்டாதிருந்த வேறொரு பூஞ்சணம் கரிய விரல்கள் போல் எழுந்து கூட்டைக் கவர்ந்துகொள்ளும். விரும்பிய பூஞ்சணம் ஓங்க, விரும்பாதது அடங்கியிருத்தல் என்னும் செய்தி, இவ்வாறு மண்ணுக்கடியில் நாள்தோறும் நடந்துவந்தது.

பெச் அவர்களின் பெரும்பணி இறப்பரைப் பற்றியது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த விதைகள் கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றுள் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் ஊன்றப்பெற்றன. இத்தீவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் அதுவே. அம்மரத்தின் நோய்களை ஆராய்ந்து பெச் எழுதிய நூல் 1911இல் வெளிவந்தது. கிளைகள் நுனியிலிருந்து கருகிவரும் நோயில் அவர் கண்ட பூஞ்சணங்களுள் ஒன்று, அந்நாளில் பொட்ரியோடிப்ளோடியா தியோபுரோமே என்றும் இந்நாளில் லாசியோடிப்ளோடியா என்றும் பெயர் பெறுவது. வெப்ப நாடுகளில் அரிந்த இறப்பர்ப் பலகையைக் கருநீலமாக்கும் உயிரும் இதுவே. தோட்டத்தில் மரத்தோடு வாழ்ந்து, மரக்காலை வரை மரத்தைப் பின்தொடரும் பகைவன் எனலாம்.

உயிரைக் கொண்டு உயிரை அடக்கும் முறையைப் பற்றியும் பெச் ஆழ்ந்து சிந்தித்தார். பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சணங்களை வளர்த்துத் தெளித்தால் பயிர்ப்பூச்சிகள் ஒழியும் என்ற நம்பிக்கை அன்று பல நாடுகளில் பரவியிருந்தது. அம்முயற்சிகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து 1925இல் அவர் வெளியிட்ட அறிக்கை, ஊக்கமூட்டுவதாக இல்லை. வயலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பூஞ்சணத்தை மேலும் கொண்டுபோய்த் தூவுவதால் பயன் யாது? இயல்பாக அது பரவாத வேளையில் அதனைப் பரவச் செய்வதே கடினம் என்று அவர் கருதினார். அக்கருத்து கசப்பானது, எனினும் நேர்மையானது. பின்வந்தோர் வெற்றி கண்ட இடங்களை நோக்கினால், பெச் எழுப்பிய அந்த வினாவுக்கு விடை சொல்ல முடிந்த இடங்களாகவே அவை உள்ளன.

இதனிடையே மரவணிகம் வேறு வழியில் விரைந்தது. 1930களின் பிற்பகுதியிலிருந்து குளோரின் சேர்ந்த பீனால் உப்புகள் மரக்காலைகளுக்கு வந்தன. அரிந்த பலகையை அக்கரைசலில் ஒருமுறை தோய்த்தெடுத்தால் போதும், நீலம் அணுகாது. 1940இல் அமெரிக்க வேளாண் துறைக்காக ஷெஃபர், லிண்ட்கிரென் ஆகிய இருவரும் வெளியிட்ட அறிக்கை, மரக்கறைகளையும் அவற்றைத் தடுக்கும் தோய்ப்பு முறைகளையும் விரிவாகத் தொகுத்துரைத்தது. விலை மலிவு, வேலை எளிது, பயன் உறுதி. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த மருந்தை எவர் மறுப்பர்? ஆயின் அந்த மருந்து பலகையோடு நிற்கவில்லை. தோய்த்தவரின் தோல் வழியே உடம்பினுள் சென்றது. தொட்டியிலிருந்து வடிந்து மண்ணிலும் நீரிலும் சேர்ந்தது. அதனோடு கலந்துவந்த டையொக்சின் எனும் மாசு இன்னும் கொடியது. சுவீடன் 1978இல் குளோரோபீனால்களைத் தடைசெய்தது. பென்ராகுளோரோபீனாலும் அதன் உப்புகளும் 2015இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறின. மீனும் இறாலும் ஈன்று பெருகும் வாவியின் ஓரத்தில் மரம் தோய்க்கும் தொட்டி ஒன்று இருப்பதன் பொருளை எழுவான்கரை மக்களுக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

நஞ்சுக்கு மாற்று, காட்டிலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் ஜோன் ரிஷ்பெத் என்ற அறிஞர் தெட்ஃபோர்டு பைன் காடுகளில் வேரழுகல் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். மரத்தை வெட்டியதும் அடிக்கட்டையின் புதிய முகத்தில் காற்றில் வரும் வித்திகள் வீழ்ந்து, வேர்வழி அயல்மரங்களுக்கு நோய் செல்வதை அவர் கண்டார். சில அடிக்கட்டைகளில் மட்டும் நோய் நுழையவில்லை. அங்கே பெனியோஃபோரா ஜைகன்ரியா என்ற தீங்கற்ற பூஞ்சணம் முன்னரே குடியேறியிருந்தது. அதனை ஆய்வுகூடத்தில் வளர்த்து, வித்திகளை நீரில் கலந்து, வெட்டிய கணமே அடிக்கட்டையில் பூசினார், நோய் தடைப்பட்டது. 1963இல் இதனை அவர் வெளியிட்டார். பெச் எழுப்பிய வினாவுக்கு இதில் விடை உண்டு. வெட்டிய அடிக்கட்டை எவரும் குடியேறாத புதுநிலம். அங்கே முந்தி வந்தவருக்கே உரிமை.

அரிந்த பலகையும் அத்தகைய புதுநிலமே. ஆயினும் அங்கே குடியேற்றத்தக்க நல்லவர் யார்? பல பூஞ்சணங்களை அடக்கவல்ல டிரைக்கோடெர்மா முதலில் பலர் நினைவுக்கு வந்தது. அது பிற பூஞ்சணங்களின் இழைகளைச் சுற்றிப் பிணைந்து உண்பதை ரிச்சர்ட் வைண்ட்லிங் 1932இலேயே எழுதியிருந்தார். ஆனால் அதன் வித்திகள் பச்சை நிறமானவை. நீலத்தைத் தடுத்துவிட்டுப் பலகையின் முகத்தில் பச்சையைப் பூசிவிடும். இந்தப் பச்சை மேலோட்டமானது, சீவுளிக்கு எளிதில் அகலும் என்பது உண்மையே. எனினும் நிறம் கெடக்கூடாது என்று மருந்து கேட்டவரிடம் வேறொரு நிறத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நகைப்புக்குரியது அன்றோ!

1980களின் இறுதியில் அமெரிக்காவில் இதற்கு அழகிய தீர்வொன்று பிறந்தது. நீலத்தை உண்டாக்கும் ஒபியோஸ்டோமா பிலிபெரம் என்ற அதே பூஞ்சணத்தை ஆய்வாளர் எடுத்துக்கொண்டனர். அதன் வளர்ப்புகளை ஒன்றோடொன்று இணையச் செய்து, பிறந்த சந்ததிகளில் மெலனின் ஆக்கமுடியாத வெண்ணிறத்தவற்றைத் தேர்ந்தெடுத்தனர். இனம் அதுவே, உணவும் அதுவே, நிறம் மட்டும் இல்லை. இது மரத்தில் முந்திப் புகுந்து சீனியையும் மாப்பொருளையும் உண்டு தீர்த்துவிட்டால், பின்வரும் நிறமுள்ள உடன்பிறப்புக்கு உண்ண ஒன்றும் எஞ்சாது. ராபர்ட்டா ஃபாரல், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளான்ஷெட் முதலியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு, இதனைக் காகித ஆலைகளின் தேவைக்காகவே எடுத்துரைத்தது. மரச்சீவல்களிலுள்ள பிசின் பொருளை இப்பூஞ்சணம் உண்டுவிடுவதால் ஆலையின் பொறிகளில் பிசின் படிவது குறைந்தது. கூழும் வெண்மையாய் இருந்தது. கார்ட்டாபிப் என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. பின்னர் பைன் தடிகளில் அதனை முன்கூட்டித் தெளித்து நீலத்தைத் தடுக்கும் சோதனைகள் நடந்தன. 1995இல் அவற்றின் முடிவுகள் வெளிவந்தன. நியூசிலாந்தில் அந்நாட்டு மரங்களிலிருந்தே பெற்ற ஒபியோஸ்டோமா இனங்களின் வெண்ணிற வகைகளை உருவாக்கும் பணி தொடர்ந்தது.

தமிழகத்துக்கு அண்டை மாநிலமான கேரளத்தில் இறப்பர் மரமே பெரும் பலகை மரம். பால் வற்றிய மரங்களைச் சுமார் 25, 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வர். மாப்பொருள் நிறைந்த அம்மரம் வெட்டிய ஓரிரு நாள்களிலேயே கறைப்படத் தொடங்கும். 1975இல் திருச்சூர் மாவட்டத்துப் பீச்சியில் நிறுவப்பெற்ற கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில் மரியா ஃபுளோரன்ஸ், ஜே. கே. சர்மா ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்தனர். கேரளத்தின் வணிக மரங்களில் நீலம் ஏற்றுவது பேராதனையில் பெச் கண்ட அதே பொட்ரியோடிப்ளோடியாவே என்பதையும், பிற பூஞ்சணங்களைக் கொண்டு அதனை அடக்கக்கூடும் என்பதையும் 1990இல் அவர்கள் வெளியிட்டனர். இறப்பர் நாடுகளின் மரத்துக்கு உரிய உயிரியல் மருந்தைத் தேடிய தொடக்கப் பணிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

வளர்ப்பதோ எளிதாகிவிட்டது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 1990களில் டிரைக்கோடெர்மாவை வளர்த்து, முகப்பூச்சு மாவுக்கு உதவும் மாக்கல் தூளோடு கலந்து உழவருக்குக் கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். வேகவைத்த தானியத்திலும் அது செழிக்கும். வயலுக்குச் செல்லும் பூஞ்சணம் ஒரு வாரம் பிந்தினாலும் பெரிய இழப்பில்லை. மரத்துக்குச் செல்லவேண்டியதோ மரம் வீழ்ந்த அன்றே சென்றாக வேண்டும். வித்திகள் உயிரோடிருக்கவேண்டும், குளிரில் காத்த பொதியாயிருக்கவேண்டும், காட்டிலோ தோட்டத்திலோ வெட்டுவோர் கையிலேயே இருக்கவேண்டும். நீலத்தின் வித்தி காற்றிலும் வண்டின் காலிலும் கூலியின்றி வந்துவிடுகின்றது. அதற்கு முந்தவேண்டிய நல்ல பூஞ்சணத்துக்கு ஆய்வுகூடமும் குளிர்ப்பெட்டியும் வண்டியும் தேவை. நஞ்சு மருந்து ஓர் ஆண்டு தகரத்தில் கிடந்தாலும் கெடுவதில்லை. உயிர் மருந்து வணிகத்தில் பின்தங்கியதற்கு அறிவியலைக் காட்டிலும் இந்தக் கணக்கே காரணம்.

வேறொரு தடையும் உண்டு. ஒபியோஸ்டோமா குளிர்நாட்டுப் பைன் காடுகளின் உயிர். 20 முதல் 25 பாகை வெப்பமே அதற்கு உகந்தது. லாசியோடிப்ளோடியாவோ 28, 30 பாகையில் இரண்டு மூன்று நாள்களுக்குள் ஒரு வளர்ப்புத் தட்டை முழுதும் மூடிவிடுவது. வாவிக்கரையின் வெப்பத்தில் இவ்விருவரையும் ஒரே பலகையில் ஓடவிட்டால் முந்துபவர் யார் என்பதில் ஐயமில்லை. மினசோட்டாவின் பொதியை வாங்கிச் செட்டிபாளையத்து மாம்பலகையில் தெளிப்பதால் மட்டும் பயன் விளையாது. இங்குள்ள வெப்பத்தில் பிறந்து, இங்குள்ள மாவிலும் இறப்பரிலும் வாழ்ந்து பழகிய, நிறமற்ற பூஞ்சணம் ஒன்றையே தேர்ந்தெடுத்து வளர்க்கவேண்டும்.

அதுவரை கைகொடுப்பது காற்று. பலகைக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய சட்டங்களை வைத்து, நிலத்திலிருந்து உயர்த்தி, கூரையின்கீழ் அடுக்கினால், வைகாசி முதல் ஆவணி வரை மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று பூஞ்சணத்துக்கு முந்திப் பலகையை உலர்த்திவிடும். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் நீலம் புதிதாய்ப் பரவாது. எழுவான்கரையில் பட்டறிவுடையோர் மாரிக்கு முன்னரே மரம் தறித்து முடித்துவிடுவது இக்காரணம் பற்றியே. ஆனால் மரத்தைச் சாய்க்கும் சூறாவளி கச்சான் காலத்தில் வருவதில்லை.